போக்கரில் பெட்டிங் லிமிட்: ஃபிக்ஸட், பாட், நோ-லிமிட் கணக்குகள் முழுமையாக

அமெரிக்கப் போக்கர் அறை ஒன்றின் பலகையில் "4/8 லிமிட் ஹோல்டம்", "1/2 நோ-லிமிட் ஹோல்டம்", "1/2 பாட்-லிமிட் ஒமாஹா" என்று மூன்று வரிகள் எழுதியிருக்கும். ஹோல்டம், ஒமாஹா இரண்டும் போக்கரின் வகைகள். புதிதாக வருபவர் எண்ணைப் பார்த்து, 4/8தான் பெரிய ஆட்டம் என்று முடிவுகட்டுவார். உண்மை தலைகீழ். 4/8 லிமிட்டில், வழக்கமான விதிப்படி, ஒரு கையில் (ஒருமுறை சீட்டுப் போட்டு முடியும் ஆட்டத்தில்) உங்களிடமிருந்து போகக்கூடிய அதிகபட்சம் 96 டாலர். 1/2 நோ-லிமிட்டில் உங்கள் முன்னால் இருக்கும் சிப்ஸ் முழுவதும் ஒரே கையில் போய்விடலாம். பெரும்பாலானோர் அங்கே 200 டாலரோடு உட்காருகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், எண்கள் குறிப்பது ஒரே விஷயத்தை அல்ல என்பதுதான். லிமிட் ஆட்டத்தில் 4, 8 என்பவை பெட்டின், அதாவது பந்தயமாகக் கட்டும் தொகையின், அளவுகள். பிளைண்ட், அதாவது சீட்டு வருமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை, அதில் பாதி: 2-ம் 4-ம். நோ-லிமிட்டிலும் பாட்-லிமிட்டிலும் 1, 2 என்பவை பிளைண்டின் அளவுகள் மட்டுமே. பெட் எவ்வளவு போகும் என்று அந்த எண் சொல்வதில்லை.

லிமிட் என்றதும் நஷ்டத்துக்குப் போடும் வேலி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. அடுத்த சீட்டைப் பார்க்க எதிராளியிடம் நீங்கள் எவ்வளவு விலை கேட்கலாம் என்பதை லிமிட்தான் தீர்மானிக்கிறது. விலை மாறினால் சரியான ஆட்டமும் மாறிவிடும். சீட்டு அதேதான், ஆனால் ஒரு டேபிளில் கால் செய்வது (எதிராளி கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது) புத்திசாலித்தனமாகவும் இன்னொரு டேபிளில் காசை வீசி எறிவதாகவும் இருக்கும்.

ஃபிக்ஸட் லிமிட்

4/8 ஹோல்டத்தில் ஒரு கையை முதலிலிருந்து பார்ப்போம். டீலர் இடத்தைக் குறிக்கும் பட்டனுக்கு இடப்பக்கத்து இருவர் பிளைண்ட் கட்டுகிறார்கள்: ஸ்மால் பிளைண்ட் 2, பிக் பிளைண்ட் 4. சீட்டு வந்ததும் முதலில் பேச வேண்டியவருக்கு மூன்றே வழி: ஃபோல்டு (சீட்டை விட்டு விலகுவது), 4 கட்டிக் கால், அல்லது 8-க்கு ரெய்ஸ் (பெட்டை உயர்த்துவது). 7-க்கோ 10-க்கோ ரெய்ஸ் செய்ய முடியாது. அடுத்தவர் மீண்டும் ரெய்ஸ் செய்தால் 12, அதன் பிறகு 16. அங்கே கதவு சாத்தப்படுகிறது. இதைத்தான் கேப் என்கிறார்கள். ஒரு பெட், மூன்று ரெய்ஸ் என்பது பரவலான கணக்கு. முதல் சுற்றில் பிக் பிளைண்டே அந்த முதல் பெட்டாக எண்ணப்படும் என்பதைப் புதியவர்கள் தவறவிடுவார்கள்.

மேசையில் மூன்று பொதுச் சீட்டுகள் திறக்கும் ஃப்ளாப் சுற்றிலும் அதே 4, 8, 12, 16. நான்காம் பொதுச் சீட்டான டர்னில் பெட் இரட்டிப்பாகிறது: 8, 16, 24, 32. ஐந்தாம் சீட்டான ரிவரிலும் அப்படியே. நான்கு சுற்றையும் கேப் வரை கட்டினால் 16+16+32+32, மேலே சொன்ன 96. லிமிட் ஆட்டக்காரர்கள் இதை "12 பிக் பெட்" (பெரிய பெட்டான 8, 12 தடவை) என்று சொல்வார்கள். எந்த லிமிட்டுக்கும் இதே 12 பொருந்தும். சில அறைகளில் நான்கு ரெய்ஸ் வரை அனுமதி உண்டு. அங்கே அதிகபட்சம் 120 ஆகிவிடும். இருவர் மட்டும் மிஞ்சினால் கேப்பையே எடுத்துவிடும் அறைகளும் நிறைய. அங்கே 96 என்ற பாதுகாப்பு இல்லை. உட்காரும் முன் டீலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

பொதுச் சீட்டு இல்லாமல் ஆளுக்கு ஏழு சீட்டு வரும் செவன் கார்டு ஸ்டட் ஆட்டத்தில் சுற்றுகள் ஐந்து. மூன்றாம், நான்காம் சீட்டுகளுக்குச் சின்ன பெட். ஐந்து முதல் ஏழு வரை பெரிய பெட். நான்காம் சீட்டில் ஒருவருடைய திறந்த சீட்டுகள் ஜோடியாக அமைந்தால், அந்தச் சுற்றிலேயே பெரிய பெட் கட்டும் உரிமை வருகிறது. உயர்ந்த சீட்டுக்கே பணம் போகும் ஹை ஸ்டட்டுக்கே இந்த விலக்கு; உயர்ந்ததும் தாழ்ந்ததும் பங்கிட்டுக்கொள்ளும் ஹை-லோவில் கிடையாது.

சிப்ஸ் பற்றாமல் ஒருவர் ஆல்-இன் போகும்போதுதான், அதாவது இருப்பதையெல்லாம் தள்ளும்போதுதான், தகராறு கிளம்பும். லிமிட்டில் இதற்கு அரை பெட் கணக்கு இருக்கிறது. டர்னில் ஒருவர் 8 கட்டுகிறார். அடுத்தவரிடம் 11 மட்டுமே இருக்கிறது, அத்தனையையும் தள்ளுகிறார். கூடுதலாக வந்தது 3; அரை பெட்டான 4-ஐவிடக் குறைவு. எனவே அது ரெய்ஸ் இல்லை. இன்னும் பேசாதவர் விரும்பினால் அதை 16-க்கு நிரப்பலாம். ஏற்கெனவே 8 கட்டியவருக்கு ரெய்ஸ் உரிமை மீண்டும் திறக்காது. அதே ஆளிடம் 12 இருந்திருந்தால் கதை வேறு: கூடுதல் 4, சரியாக அரை பெட். அது முழு ரெய்ஸாகக் கருதப்படும். அடுத்த ரெய்ஸ் 24-க்குப் போகும்.

பாட்-லிமிட்

ஒமாஹா இந்த முறையில்தான் அதிகம் ஆடப்படுகிறது. விதி ஒரே வரி: முதலில் கால் செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், அப்போது பாட்டில், அதாவது மேசை நடுவில் சேர்ந்த பணத்தில், எவ்வளவு இருக்குமோ அவ்வளவு ரெய்ஸ் செய்யலாம். சொல்ல எளிது, மேசையில் கணக்குப் போடும்போதுதான் சறுக்கும். பாட்டில் 20 இருக்கிறது, எதிராளி 10 கட்டுகிறார் என்றால் பலரும் "பாட் 30, ஆக 30-க்கு ரெய்ஸ்" என்பார்கள். தவறு. உங்கள் கால் 10 சேர்ந்தால் பாட் 40. அதற்கு மேல் 40 ரெய்ஸ். மொத்தம் நீங்கள் வைப்பது 50.

டீலர்கள் மனதில் வைத்திருக்கும் குறுக்குவழி: கடைசி பெட்டை மூன்றால் பெருக்கு, பாட்டில் உள்ள மீதியைக் கூட்டு. மேலே உள்ளதில் 3×10, அதோடு 20, விடை 50. 1/2 ஆட்டத்தில் முதலில் பேசுபவருக்கு 3×2, அதோடு ஸ்மால் பிளைண்ட் 1. ஆக அதிகபட்சம் 7. ஒருவர் 7-க்கு ரெய்ஸ் செய்து, இன்னொருவர் கால் செய்து, பேச்சு பட்டனில் இருக்கும் உங்களிடம் வருகிறது. 3×7 என்பது 21. மீதி: பிளைண்ட் இரண்டும் சேர்த்து 3, கால் செய்தவர் 7, ஆக 10. நீங்கள் 31 வரை போகலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதே இடத்தில் நீங்கள் பிக் பிளைண்டாக இருந்தால் 31 இல்லை, 29. அந்தச் சுற்றில் நீங்களே ஏற்கெனவே வைத்த 2-ஐ மீதியில் கூட்டக் கூடாது. சரிபார்க்க வேண்டுமா? பாட்டில் 17 இருக்கிறது; கால் செய்ய இன்னும் 5 வேண்டும்; பாட் 22; அதற்கு மேல் 22 ரெய்ஸ்; 7+22=29. குறுக்குவழியை மனப்பாடம் செய்தவர்கள் பிளைண்டில் உட்காரும்போதெல்லாம் இந்த 2-ல் தடுக்கி விழுவார்கள். சந்தேகமானால் "பாட்" என்று மட்டும் சொல்லுங்கள். தொகையை டீலர் சொல்லுவார். பாட்-லிமிட்டில் அதைக் கேட்பது ஆட்டக்காரரின் உரிமை. நோ-லிமிட்டில் அந்த உரிமை கிடையாது: டீலர் சிப்ஸை விரித்துக் காட்டலாம், எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை.

"பாட் அளவுதானே, அப்படியென்ன போய்விடும்" என்று தோன்றலாம். இருவருக்குள் ஒரு பாட் பெட்டும் ஒரு காலும் நடந்தால் பாட் மூன்று மடங்காகிறது. 1/2-ல் 7-க்கு ரெய்ஸ், பிக் பிளைண்ட் கால், ஸ்மால் பிளைண்ட் ஃபோல்டு: பாட் 15. ஃப்ளாப்பில் 15 கட்டிக் கால் ஆனால் 45. டர்னில் 45 கட்டிக் கால் ஆனால் 135. ரிவரில் 135. ஒருவர் மொத்தம் வைத்தது 7+15+45+135, அதாவது 202. 200 டாலரோடு, 100 பிக் பிளைண்டோடு உட்கார்ந்தவரின் கடைசி சிப்பும் ரிவரில் உள்ளே போயிருக்கும். ஒரு ரெய்ஸ்கூட மேலே சேராமல், வெறும் பெட்டும் காலுமாகவே இது நடந்துவிடுகிறது. பாட்-லிமிட் உங்கள் பணத்தைக் காப்பாற்றாது, ஆல்-இன்னைச் சில சுற்றுகள் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

நோ-லிமிட்: கூரை இல்லை, தரை உண்டு

மேல் எல்லை உங்கள் முன்னால் இருக்கும் சிப்ஸ். கீழ் எல்லையில்தான் விதிகள் அடங்கியிருக்கின்றன. பெட் கட்டுவதாயிருந்தால் குறைந்தது பிக் பிளைண்ட் அளவு. ரெய்ஸ் செய்வதாயிருந்தால், அந்தச் சுற்றில் அதுவரை நடந்த மிகப் பெரிய பெட் அல்லது ரெய்ஸின் அளவாவது உயர்த்த வேண்டும். இரட்டிப்பாக்க வேண்டும் என்று பலர் தவறாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1/2-ல் ஒருவர் 6-க்கு ரெய்ஸ் செய்தால் உயர்த்தியது 4. அடுத்த குறைந்தபட்ச ரெய்ஸ் 10-க்கு, 12-க்கு அல்ல. ஃப்ளாப்பில் 10 பெட், அதை ஒருவர் 35 ஆக்குகிறார்: உயர்வு 25. அடுத்தவர் 60-லிருந்து தொடங்கலாம், 70 தேவையில்லை.

ஆல்-இன் இங்கே இன்னும் நுட்பமானது. ஃப்ளாப்பில் முதலாமவர் 20 கட்டுகிறார். இரண்டாமவர் 30-ஓடு ஆல்-இன். உயர்வு 10 மட்டுமே, முழு ரெய்ஸ் அல்ல. மூன்றாமவர் 30 கால். பேச்சு முதலாமவரிடம் திரும்பும்போது அவர் இன்னும் 10 கட்டலாம், அல்லது விட்டுவிடலாம்; ரெய்ஸ் செய்ய முடியாது. ஆனால் மூன்றாமவர் வெறும் கால் செய்யாமல் 42-ஓடு ஆல்-இன் போயிருந்தால்? முதலாமவரின் 20-க்கு மேல் மொத்த உயர்வு 22. முழு ரெய்ஸைத் தாண்டிவிட்டது. இரண்டு அரைகுறை ஆல்-இன் சேர்ந்து முதலாமவருக்கு ரெய்ஸ் கதவைத் திறந்துவிடுகின்றன. டோர்னமென்ட் இயக்குநர்கள் சங்கத்தின் விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. பணம் வைத்து ஆடும் டேபிள்களில் இதைக் கூட்டிப் பார்க்காத அறைகளும் உண்டு.

மூன்று முறைக்கும் பொதுவான அடிப்படை, டேபிள் ஸ்டேக்ஸ். கை நடக்கும்போது பையிலிருந்து பணம் எடுத்துச் சேர்க்க முடியாது. ஜெயித்த சிப்ஸை ஆட்டத்தில் இருந்துகொண்டே பைக்குள் போடவும் முடியாது. அதனால்தான் சைடு பாட் தேவைப்படுகிறது. ஒருவரிடம் 50, இன்னொருவரிடம் 120, மூன்றாமவரிடம் 300, மூவரும் ஆல்-இன். ஆளுக்கு 50 வீதம் 150 முதன்மை பாட். அதற்கு மூவரும் போட்டி. அடுத்த 70 வீதம் 140 சைடு பாட். 50 வைத்தவருக்கு அதில் பங்கில்லை. மூன்றாமவரின் மீதி 180-க்கு ஈடு கொடுக்க யாருமில்லை, அது அவரிடமே திரும்பும். சீட்டைத் திறக்கும்போது சைடு பாட்டை முதலில் தீர்த்துவிட்டுப் பிறகு முதன்மை பாட்டுக்கு வந்தால் குழப்பம் இராது.

விலை எப்படி மாறுகிறது

டர்னில் உங்களுக்கு ஒரே இனத்தில் நான்கு சீட்டுகள். ரிவரில் ஐந்தாவது வந்தால் ஃப்ளஷ். பார்க்காத சீட்டு 46, உதவக்கூடியது 9, உதவாதது 37. அதாவது 4.1-க்கு 1 உங்களுக்கு எதிர். பாட் அதைவிட நல்ல விலை கொடுத்தால்தான் கால் செய்வதில் லாபம்.

4/8 லிமிட்டில்: முதல் சுற்றில் ஐந்து பேர் 4 கட்டி 20, ஃப்ளாப்பில் மூன்று பேர் 4 கட்டி 12, பாட் 32. டர்னில் எதிராளி 8 கட்டுகிறார். 40-ஐ ஜெயிக்க நீங்கள் 8 கொடுக்கிறீர்கள்: 5-க்கு 1. கண்ணை மூடிக்கொண்டு கால் செய்யலாம். எதிராளியால் இதைத் தடுக்கவே முடியாது. 8-க்கு மேல் அவர் கேட்க விதி இடம் கொடுக்கவில்லை. "நல்ல கையை வைத்துக்கொண்டு தோற்றுவிட்டேன், இந்த ஆளுக்கு ஆடவே தெரியாது" என்ற லிமிட் டேபிள் புலம்பலில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. கால் செய்தவர் சரியாகத்தான் ஆடியிருக்கிறார்.

பாட்-லிமிட்டில் அதே 32-க்கு எதிராளி 32 கட்டலாம். 64-ஐ ஜெயிக்க 32, அதாவது 2-க்கு 1. ரிவரில் இன்னும் நிறையப் பிடுங்க முடியும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் ஃபோல்டு. நோ-லிமிட்டில் அவர் 64-ஐயே தள்ளலாம். 96-க்கு 64, ஒன்றரைக்கு 1. விலை இன்னும் மோசம்.

ரிவரில் ப்ளஃப் செய்வதும் (நல்ல சீட்டு இல்லாமலே பெட் கட்டிப் பயமுறுத்துவதும்) இதே தராசில்தான். லிமிட்டில் பாட் 60 இருக்கும்போது 8 கட்டிப் பயமுறுத்தினால், எதிராளிக்கு 68-க்கு 8. பத்தில் ஒரு தடவைக்குச் சற்றுக் கூடுதலாக அவர் ஜெயித்தாலே கால் லாபம். அதனால் அவர் எளிதில் விடமாட்டார். ஆனால் ப்ளஃப் செய்பவர் எட்டு, ஒன்பது தடவைக்கு ஒரு தடவை பலித்தாலே கையைக் கடிக்காது. லிமிட்டில் ப்ளஃப்பே கிடையாது என்பது பாதி உண்மைதான்.

பெட்டின் அளவைத் தேர்வு செய்யும் சுதந்திரம் ஆட்டத்தை எவ்வளவு பெரிதாக்குகிறது என்பதற்குக் கணினி ஆராய்ச்சி நல்ல அளவுகோல். இருவர் ஆடும் ஃபிக்ஸட் லிமிட் ஹோல்டத்தை கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2015-இல் செஃபியஸ் என்ற நிரல் மூலம் ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டது. நோ-லிமிட்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் 2017-இல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. வென்றதே தவிர, அந்த ஆட்டம் தீர்க்கப்படவில்லை. லாஸ் வேகஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் (WSOP) முதன்மைப் போட்டி நோ-லிமிட்தான். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் 839 பேர் கலந்துகொண்ட அந்தப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் வாங்கிய பிறகு, அறைகளில் லிமிட் டேபிள்கள் சுருங்கி நோ-லிமிட் பெருகியது.

ஸ்ப்ரெட், கில்

ஸ்ப்ரெட் லிமிட், ஃபிக்ஸட் லிமிட்டுக்கும் நோ-லிமிட்டுக்கும் நடுவில் நிற்கிறது: 1 முதல் 5 வரை எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம், ரெய்ஸ் முந்தைய பெட்டுக்குக் குறையக் கூடாது. இது பெரும்பாலும் சட்டத்தின் பிள்ளை. கொலராடோ மாநிலத்தில் 1991-இல் கேசினோக்கள் திறந்தபோது ஒரு பெட்டுக்கு 5 டாலர்தான் உச்சவரம்பு. 2009-இல் அது 100 ஆனது. 2021 முதல் கேசினோ ஊர்களே வரம்பை நீக்கிக்கொள்ள வழி பிறந்தது.

கில் என்பது லிமிட் ஆட்டத்தைத் தற்காலிகமாக உயர்த்தும் ஏற்பாடு. ஒருவர் தொடர்ந்து இரண்டு பாட் ஜெயித்தால், அடுத்த கை 4/8-லிருந்து 8/16 ஆகும். அரை கில் என்றால் 6/12. பலகையில் "கில்" என்ற சொல்லைக் கவனிக்காமல் உட்கார்ந்தால் 96 கணக்கு ஒரே கையில் 192 ஆகிவிடும்.

சிப்ஸை நகர்த்தும்போது வரும் வம்புகள்

லிமிட் விதி தெரிந்தவர்களும் கை அசைவில் மாட்டிக்கொள்கிறார்கள். எதிரே 20 பெட் இருக்கும்போது, ஒன்றும் சொல்லாமல் 100 மதிப்புள்ள ஒற்றைச் சிப்பை வைத்தால் அது கால்தான். 80 திரும்பி வரும். பல சிப்ஸாக 32 வைத்தால்? உயர்வு 12, பெட்டின் பாதியான 10-ஐத் தாண்டிவிட்டது. டோர்னமென்ட் விதிப்படி 40 வரை நிரப்பியே ஆக வேண்டும். 28 வைத்திருந்தால் அது கால், 8 திரும்பும். முதலில் 20 வைத்துவிட்டு, மறுபடி கையை இழுத்துப் போய் இன்னும் 40 கொண்டுவருவது ஸ்ட்ரிங் பெட், ரெய்ஸ் செல்லாது. "கால் பண்றேன், அதுக்கு மேல ரெய்ஸ்" என்று படத்தில் வருவது போலச் சொன்னாலும் முதல் சொல்லே நிற்கும். நோ-லிமிட்டில் "பாட் கட்டுகிறேன்" என்பதும் செல்லுபடியாகும் தொகை அல்ல. ஆனால் ஏதோ ஒரு பெட் கட்டும் கட்டாயத்தில் உங்களை மாட்டிவிடும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: சிப்ஸைத் தொடும் முன் "ரெய்ஸ், அறுபது" என்று தொகையோடு வாயால் சொல்லிவிடுவது. உங்கள் முறையில் சொன்ன சொல் கட்டுப்படுத்தும்.

வீட்டில் பழக

இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமை சார்ந்தவையானாலும், 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. போக்கர் ஆப்களும் அதற்குள் அடக்கம். ஆகவே பழகுவதற்கு வீட்டுச் சிப்ஸ்தான், அதுவும் காசில்லாமல்.

காசில்லாத சிப்ஸில் நோ-லிமிட் ஆடினால் பத்து நிமிடத்தில் ஆட்டம் கெட்டுவிடும். இழப்பதற்கு ஒன்றுமில்லாதபோது இரண்டாவது கையிலேயே யாராவது அத்தனையையும் தள்ளிவிடுவார். பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. தொடக்கத்துக்கு 2/4 ஃபிக்ஸட் லிமிட் வையுங்கள். 300 சிப்ஸ் உள்ள பெட்டியில் நிறத்தை மறந்துவிட்டு எல்லாச் சிப்புக்கும் மதிப்பு 1 என்று வைத்தால், ஆறு பேருக்கு ஆளுக்கு 50. பிளைண்ட் 1-ம் 2-ம். முதல் இரண்டு சுற்றில் பெட் 2 சிப், கடைசி இரண்டில் 4. நான்கு சுற்றும் கேப் வரை போனாலும் ஒரு கைக்கு 48 சிப்ஸ்தான் செலவு. முதல் கையிலேயே யாரும் காலியாக மாட்டார்கள், சைடு பாட் தலைவலியும் உடனே வராது.

கை ஓடப் பழகியதும் அதே பிளைண்டோடு பாட்-லிமிட்டுக்கு மாறுங்கள். டீலராக இருப்பவர் ஒவ்வொரு ரெய்ஸுக்கும் அதிகபட்சத் தொகையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மூன்றால் பெருக்கும் கணக்கு எல்லோருக்கும் படிந்துவிடும். ஆனால் 50 சிப்ஸ் என்பது 25 பிக் பிளைண்டுதான். பாட்-லிமிட்டில் அது டர்ன் வரைகூடப் பல சமயம் தாங்காது. பெட்டியிலுள்ள சிப்ஸில் பாதிக்கு, நிறம் பிரித்து, 5 மதிப்பு கொடுத்து, ஆளுக்கு 1 மதிப்புச் சிப் 25, 5 மதிப்புச் சிப் 25 என்று பிரித்தால் 150 வரும். எண்ணிக்கை அதே 50 சிப்ஸ், ஆழம் 75 பிக் பிளைண்ட். நான்கு சுற்றும் ஓட அது போதும்.